கையில் கொஞ்சம் கறை படியட்டும்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. புதுசாக ஒன்றும் தோன்றமாட்டேன் என்கிறது, போனைப் பார்த்துப் பார்த்துத் தலை மரத்துப்போய்விட்டது, கையால் ஏதாவது செய்தால் சரியாகும் என்கிறார்களே, உண்மையா? ஆளுக்கொரு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, ஹட்டன் டவுனில் சின்னதாக ஒரு டிசைன் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கடை போர்டு, பேனர் எல்லாம் செய்கிறேன். ஆரம்பத்தில் ஆசையாகச் செய்தேன். இப்போது ஓர் ஆர்டர் வந்ததும் போனில் மாதிரி தேடத் தொடங்குகிறேன், நேரம் போவதே தெரியாது, கடைசியில் யாரோ செய்ததை நிறம் மாற்றிக் கொடுத்துவிடுகிறேன். போன கிழமை ஒருவர், "என் மச்சானுக்கு அடித்த கார்டும் இதுவும் ஒன்றுதானே" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். எனக்குத் திறமையே இல்லையா?
– ஒரு தம்பி, ஹட்டன்

பதில்: திறமை இல்லாதவருக்கு அந்த மச்சான் கார்டு உறுத்தியே இருக்காது தம்பி. காசை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த ஆளைப் பார்த்திருப்பார்.

ஏன் இப்படி நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். கல்யாணப் பத்திரிகை மாதிரி என்று நீங்கள் தேடினால், ஏற்கெனவே ஆயிரமாயிரம் பேர் விரும்பிய படங்களைத்தான் போன் முன்னால் கொண்டுவந்து வைக்கும். கண்டியில் தேடுகிறவருக்கும் மதுரையில் தேடுகிறவருக்கும் கிட்டத்தட்ட அதே மயில், அதே வாழைமரம், அதே தங்கநிற ஓரம். எல்லாரும் ஒன்றையே பார்த்துவிட்டு உட்கார்ந்தால் எல்லார் கையிலிருந்தும் ஒன்றேதான் வரும். இதில் உங்கள் மூளையைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை, அதற்குக் கொடுக்கிற தீனி அப்படி.

கையில் ஒரு பொருளை எடுத்தால் கதை வேறு, ஏனென்றால் பொருள் நம் சொல் கேட்காது. பெயின்ட் வழியும். அட்டை மடிக்கிற இடத்தில் வெடிக்கும். கடதாசி ஒரு பக்கம் நேராகக் கிழியும், மறுபக்கம் கோணிக்கொண்டு போகும். கொம்பியூட்டரில் தப்பாக ஒரு கோடு விழுந்தால் ஒரு தட்டில் பின்னால் போய்விடலாம், தகரத்தில் விழுந்த கோட்டை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று யோசித்தே ஆக வேண்டும். அந்த இடத்தில்தான் நீங்கள் எங்கேயும் பார்க்காத ஒன்று பிறக்கிறது. நான் சொல்ல நினைப்பது முழுக்க இதுதான். போனை மூடி வைத்துவிட்டுச் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதால் மட்டும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. எதிர்த்து நிற்கிற ஒரு பொருள் கையில் இருக்க வேண்டும்.

நம் எழுத்தையே பாருங்களேன். தமிழ் எழுத்து ஏன் இவ்வளவு வளைவாக இருக்கிறது? நூற்றாண்டுக் கணக்கில் பனையோலையில் எழுத்தாணியால் கீறி எழுதினார்கள். ஓலையின் நார் நீளவாக்கில் ஓடும், அதே போக்கில் நேர்கோடு இழுத்தால் ஓலை பிளந்துவிடும், அதனால் கை வளைந்து வளைந்து போனது. அழுத்திக் குத்தினால் ஓட்டை விழும் என்று ஓலைச்சுவடிகளில் புள்ளியைக்கூட விட்டுவிட்டுத்தான் பெரும்பாலும் எழுதியிருக்கிறார்கள். ஓர் ஓலையின் முரண்டு ஒரு மொழியின் எழுத்துக்கே உருவம் கொடுத்திருக்கிறது தம்பி. உங்கள் போர்டு எழுத்துக்குக் கொடுக்காதா?

இதைச் செய்து பாருங்கள். ஹார்ட்வெயார் கடையில் அரை அங்குலத் தட்டைத் தூரிகை ஒன்று வாங்குங்கள், பழைய பேப்பரைத் தரையில் விரியுங்கள், கொஞ்சம் கறுப்புப் பெயின்ட். தூரிகையின் சாய்வை மாற்றாமல் பிடித்துக்கொண்டு "ழ" எழுதுங்கள். நீங்கள் அழுத்தவே மாட்டீர்கள், ஆனாலும் வளைவின் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் நூலாக மெலிந்தும் வரும். வால் இறங்குகிற இடத்தில் பெயின்ட் தீர்ந்து, கோடு மயிர்மயிராகப் பிரியும். அந்தப் பிரிந்த வால் எந்த எழுத்துருவிலும் கிடையாது. அதைப் போட்டோ எடுத்துக் கொம்பியூட்டரில் ஏற்றி, ஒரு கடை போர்டுக்குப் பாவித்துப் பாருங்கள். டவுனில் பழைய ஆட்களில் கையால் போர்டு எழுதினவர் ஒருவராவது இன்னும் இருப்பார், தேடிப் போய் ஒரு பின்னேரம் பக்கத்தில் நில்லுங்கள். எழுத்துக்கு முன்னால் அவர் நூலில் சோக்கட்டித் தூள் தடவி, சுவரில் இழுத்துப் பிடித்துச் சுண்டிக் கோடு போடுவதைப் பார்த்தாலே உங்களுக்கு நாலு யோசனை வரும்.

மாசி மாதம் மன்மதன், ரதி கதையை ஆடுகிற காமன் கூத்து நடக்கிற தோட்டம் ஏதாவது பக்கத்தில் இருந்தால், கூத்தன்று போகிறதைவிட இரண்டு நாள் முன்னதாகப் போங்கள். கிரீடத்துக்கு அட்டை வெட்டி, மினுங்கல் தாள் ஒட்டி, ரதியின் நகையைக் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒட்டிக் கொடுக்கக் கூட ஒரு ஆள் என்றால் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். அந்த நிறச் சேர்க்கையெல்லாம் நம்முடையது, அதை எந்த மாதிரிப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

ஆர்டர் வந்த உடனே யோசனை வந்துவிட வேண்டும் என்று மட்டும் உங்களை நெருக்காதீர்கள். கிரகாம் வாலஸ் என்ற ஆங்கிலேயர் 1926இலேயே இதை எழுதிவைத்திருக்கிறார்: முதலில் விஷயத்தை முட்டிமோதித் தேட வேண்டும், அடுத்து அதை விட்டுவிட்டு ஊறப்போட வேண்டும், அப்புறம்தான் பளிச்சென்று வரும், வந்ததைச் சரிபார்ப்பது கடைசி. பறித்த கொழுந்தை இஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொண்டுவந்த கையோடு உருட்டுகிறார்களா? மணிக்கணக்கில் காற்றில் வாட விட்டுத்தான் உருட்டுவார்கள், வாடாத இலை உருட்டும்போது நொறுங்கித்தான் போகும். ஆகவே வாடிக்கையாளரிடம் எல்லாம் விவரமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பெண் வீடு எந்தத் தோட்டம், கோயில் எது, அம்மாவுக்குப் பிடித்த பூ எது. கேட்டதை மனதில் போட்டுக்கொண்டு, கடைக்குப் பின்னால் கடதாசியும் கத்தரிக்கோலுமாக உட்காருங்கள். அந்தத் தோட்டத்துத் தேயிலையில் ஒரு இலையைக் கடதாசிக்கு அடியில் வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் ஓரத்துப் பல்லும் நரம்பும் அப்படியே விழும், அதைவிட நல்ல ஓரச் சித்திரம் எங்கே கிடைக்கும்? கொம்பியூட்டர் கடைசியில் வரட்டும்.

கேள்வி: எங்கள் பக்கம் மழை பிடித்தால் விடாது. வெளியே கால் வைக்க முடியாது. போனைத் தவிர வேறு என்னதான் இருக்கிறது?
– வாசகி, மஸ்கெலியா

பதில்: உண்மைதான், மே கடைசியில் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் செப்டெம்பர் வரைக்கும் உங்கள் பக்கம் நனைந்துகொண்டேதான் இருக்கும், அதே நேரம் பதுளைப் பக்கம் கச்சான் காற்றில் காய்ந்துகொண்டிருக்கும். வெளியே போக வேண்டாம், இஸ்தோப்பில், வீட்டு முன் விறாந்தையில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தால் போதும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருவர் செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்திருக்கும்போது தோன்றுவதைவிட நடக்கும்போது புதுப்புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடுதலாக வந்ததாகக் கண்டார்கள். அறைக்குள் வெறும் சுவரைப் பார்த்தபடி இயந்திரத்தில் நடந்தவர்களுக்கும் அப்படித்தான் வந்திருக்கிறது. ஆனால் ஒரே ஒரு சரியான விடை கண்டுபிடிக்க வேண்டிய கேள்விகளுக்கு நடை உதவவில்லை, ஆகவே பிள்ளையின் கணக்குப் பாடத்துக்கு உட்கார்ந்தே சொல்லிக்கொடுங்கள். நடந்து முடித்தால் போஞ்சி உரிப்பது, கிழிந்த ஸ்வெட்டரைப் பின்னுவது, குடைக்கம்பி கட்டுவது. மழைக்காலத்தில் லயத்தில் கைக்கு வேலையா இல்லை!

கேள்வி: தோட்டப் பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். பிள்ளைகளிடம் "உங்களுக்குப் பிடித்ததை வரையுங்கள்" என்றால், போனில் பார்த்த கார்ட்டூனைத்தான் வரைகிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் அதே கண், அதே தலைமுடி. நிறப்பெட்டி வாங்கவும் பலருக்கு வசதி இல்லை. என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை, பூண்டுலோயா

பதில்: டீச்சர், உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் இதற்கு என்னிடம் ஒரு வேலை தயாராக இருக்கிறது. பிள்ளைகளை வரையச் சொல்வதற்கு முன்னால் மை செய்யச் சொல்லுங்கள்.

நிறப்பெட்டி வேண்டாம். துருப்பிடித்த ஆணி, லாடம், தகரத்துண்டு, எது கிடந்தாலும் ஒரு கைப்பிடி பொறுக்கி வரட்டும். ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு, மூழ்குமளவுக்கு வினாகிரி ஊற்றுங்கள். மூடியை இறுக்கக்கூடாது, உள்ளே வாயு வரும், சும்மா மேலே வைத்தால் போதும். ஜன்னலோரம் சில நாள் இருக்கட்டும். தண்ணீர் மெல்ல மஞ்சளாகி, பழுப்பாகி வரும். இன்னொரு பக்கம் தேயிலைத் தூளைத் தாராளமாகப் போட்டு, நல்ல கடும் சாயமாகக் கொதிக்க வைத்து வற்றவிட்டு, துணியில் வடித்து ஆறவிடுங்கள். அதற்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளையும் மேசையைச் சுற்றி நிற்க வைத்துவிட்டு, சாயத்துக்குள் அந்த ஆணித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

சிவந்த சாயம் அவர்கள் கண் முன்னாலேயே கறுக்கும். முதல் சொட்டு விழுந்த இடத்தில் புகை மாதிரி ஒரு கருமை சுருண்டு இறங்கும், கிளறினால் முழுக்க ஊதாக் கறுப்பு. தேயிலையில் இருக்கும் டனின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து செய்கிற வேலை அது. கடதாசியில் எழுதும்போது வெளிறித் தெரியும், காற்றுப் படப் பட இன்னும் கறுக்கும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக ஏடுகளை எழுதிய மையும் இந்த வகைதான், அங்கே தேயிலைக்குப் பதில் ஓக் மரத்துக் காய்ப்புகள். குடிக்கக் கூடாது, கண்ணில் படக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நல்ல உடுப்பில் பட்டால் போகாது, அம்மாமார் என்னைத் திட்டுவார்கள்.

இனி இதே மாதிரி ஆளுக்கொரு போத்தலில் மை செய்து, மூங்கில் குச்சியைச் சீவச் சொல்லுங்கள், அல்லது கோழி இறகு. இந்த மை ஒரு பிள்ளையின் போத்தலில் சாம்பலாக இருக்கும், இன்னொன்றில் காக்கைக் கறுப்பு, ஏனென்றால் ஒருவர் அள்ளிவந்த ஆணி வேறு, இன்னொருவர் போட்ட தூள் வேறு. தான் செய்த மை, தான் சீவிய குச்சி, அதுவும் நடுநடுவே திட்டுத்திட்டாக ஒழுகுகிற குச்சி. அந்தக் குச்சியால் போன் கார்ட்டூனின் வழவழப்பான கண்ணை வரையவே முடியாது டீச்சர்! திட்டு விழுந்த இடத்தைப் பிள்ளை பாறை ஆக்கும், ஒழுகின கோட்டைப் பீலித் தண்ணீர் ஆக்கும். நீங்கள் "சொந்தமாக வரை" என்று ஒரு தடவைகூடச் சொல்ல வேண்டியிருக்காது.

அந்த வகுப்பு பிடித்துப்போனால் அடுத்தடுத்து எவ்வளவோ இருக்கின்றன. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பு. செவ்வரத்தம் பூவை வெந்நீரில் போட்டு எடுத்த சாற்றில் தேசிக்காய்ப் புளி விட்டால் ஒரு நிறம், சவர்க்காரத் தண்ணீர் விட்டால் இன்னொரு நிறம். விஞ்ஞான ஆசிரியரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள், பாதிப் பாடம் அவருடையது.

இதை ஒரு விளையாட்டு என்று மட்டும் எண்ண வேண்டாம். கனடாவில் மூளை அறுவைச் சிகிச்சை நிபுணராக இருந்த வைல்டர் பென்ஃபீல்ட் 1930களில், மூளையின் மேற்பட்டையில் உடம்பின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு இடம் என்று கண்டறிந்து காட்டினார். கைக்கும் விரல்களுக்கும் கிடைத்திருக்கும் இடம் முதுகு முழுவதற்கும் கிடைத்ததைவிட எவ்வளவோ பெரிது. அவ்வளவு பெரிய இடத்தைப் பெருவிரலால் திரையைத் தள்ளுவதற்கு மட்டும் பாவிப்பது பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கேள்வி: கையால் வேலை செய்தால் புது யோசனை வரும் என்கிறீர்கள். நான் 20 வருஷமாகத் தையல்காரன். காலையிலிருந்து இரவு வரை கைவேலைதான். எனக்கு ஒரு புது யோசனையும் வருவதாகக் காணோமே?
– தையல் கடைக்காரர், பண்டாரவளை

பதில்: அண்ணே, நியாயமான கேள்வி. உங்கள் கை தையலை முழுக்கக் கற்றுவிட்டது, துணி இப்போது உங்களை எதிர்ப்பதே இல்லை. பாடசாலைச் சீருடை நூறு தைத்த கை நூற்றியோராவதைத் தானாகவே தைக்கும், மனது மெஷினுக்குப் பக்கத்தில் ஓடுகிற வீடியோவில் இருக்கும். (ஓடுகிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் நான் போகிற தையல் கடைகளில் எல்லாம் ஓடுகிறது.)

கைக்குத் தெரியாத ஒன்றைக் கொடுங்கள். என் யோசனை, தைக்காதீர்கள், பிரியுங்கள். பழைய காலத்துக் கோட்டு ஒன்று எங்காவது ஒரு பெட்டியில் கிடக்கும், துரைமார் காலத்துக் கம்பளிக் கோட்டு என்றால் இன்னும் விசேஷம். பிளேடால் ஒவ்வொரு தையலாக எடுத்து, துண்டுகளைப் பாயில் வரிசையாகப் பரப்புங்கள். தோள் பக்கத்தில் உள்ளே என்ன வைத்துத் தைத்திருக்கிறான், கொலரை ஏன் குறுக்கு வெட்டில் வெட்டியிருக்கிறான், எந்த இடத்தில் கைத்தையல் போட்டிருக்கிறான் என்று உங்கள் கண்ணுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. ஒரு கோட்டைப் பிரித்து முடிப்பதற்குள் உங்கள் சீருடைக் கழுத்தில் ஒரு மாற்றம் செய்யத் தோன்றும். வீடியோ மட்டும் அந்த நேரத்தில் வேண்டாம்.

கேள்வி: அக்கா, கோபிக்க வேண்டாம். நான் பேராதனையில் படிக்கிறேன், வீடு தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில். என் அம்மா காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போனால் பின்னேரம் வரைக்கும் கொழுந்துதான். திரை இல்லை, கை நிறைய வேலை, சுற்றிலும் மலையும் பனியும். நீங்கள் எல்லாரும் சொல்கிறபடி பார்த்தால் என் அம்மாதான் இந்த நாட்டிலேயே பெரிய கலைஞராக இருக்க வேண்டும். வசதியானவர்கள் பொழுதுபோக்குக்குச் சொல்கிற கதை இது என்றுதான் எனக்குப் படுகிறது.
– மாணவி

பதில்: கோபம் எதற்குத் தங்கச்சி? இந்தக் கேள்வி வராமல் இந்தப் பக்கம் முடிந்திருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

கையால் செய்கிற வேலை எல்லாம் ஒன்றல்ல. எப்போது நிறுத்தலாம், எவ்வளவு மெதுவாகச் செய்யலாம், பிழைத்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் செய்கிறவர் கையில் இருந்தால்தான் மனது அலைவதற்கு இடம் கிடைக்கும். உங்கள் அம்மாவுக்கு அது இல்லை. நிறை குறைந்தால் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். மேலே நின்று பார்க்க ஒருவர், காலில் அட்டை, முதுகில் பாரம். இப்படி ஒரு வேலையை "திரையில்லாத தியானம்" என்று யாராவது வந்து சொன்னால், அவரை ஒரு நாள் கூடையோடு மலைக்கு அனுப்ப வேண்டும் என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். ஹட்டன் தம்பிக்கு மேலே சொன்னது அவருடைய கடையில் அவரே முதலாளி என்பதால்.

ஆனால் அம்மாவின் மலையில் யோசனையே பிறக்கவில்லை என்று சொன்னால் அதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அவ்வளவு நெருக்கடிக்குள்ளும் பிறந்திருக்கிறது. உங்கள் தலவாக்கலையை 1947 பாராளுமன்றத்தில் பிரதிநிதித்துவம் செய்த சி.வி. வேலுப்பிள்ளை ஒரு கவிஞர், மடக்கும்புரைத் தோட்டத்தில் பிறந்தவர். அவர் நம் மக்களின் வாய்ப்பாடல்களைத் தேடித் திரட்டினார். தாலாட்டு, கும்மி, கங்காணியைச் சாடுகிற பாட்டு, பிரிந்து வந்த ஊரை நினைத்து அழுகிற பாட்டு. இவை எல்லாம் மேசையில் உட்கார்ந்து எழுதியவையா? நிரையில் ஒருத்தி ஓர் அடி எடுக்க, பக்கத்து நிரையில் இருப்பவள் அடுத்த அடியைப் போட்டுக் கட்டியவை. எழுதியவர் பெயர் ஒன்றிலும் இல்லை.

பெயர் இல்லாமல் போவதுதான் இதில் பெரிய விஷயம். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட கதை நமக்கு எல்லாருக்கும் தெரியும். முதலில் தொழிற்சாலை என்று ஒன்றும் கிடையாது, அவருடைய பங்களா விறாந்தையில் மேசை போட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கையை வைத்து அழுத்தித்தான் கொழுந்தை உருட்டினார்கள், கரியடுப்பில் கம்பித்தட்டு வைத்துக் காயவைத்தார்கள். சில வருஷத்தில், 1872 வாக்கில், டெய்லர் உருட்டும் இயந்திரம் ஒன்றைச் செய்துகொண்டார். கையால் உருட்டிப் பார்க்காத இடத்தில் அந்த இயந்திரத்துக்கு யோசனை வந்திருக்காது என்பது என் எண்ணம். இயந்திரத்தோடு டெய்லர் பெயர் வரலாற்றில் இருக்கிறது. மேசையில் தேய்ந்த முழங்கைகள் யாருடையவை என்று எந்தப் புத்தகமும் நமக்குச் சொல்வதில்லை.

அதனால் அடுத்த முறை லீவில் வீட்டுக்குப் போனால், அம்மா கொழுந்தெடுக்கப் போகும்போது படங்குத் துணியை இடுப்பில் எப்படி மடித்துக் கட்டுகிறார் என்று ஒரு தடவை கவனித்துப் பாருங்கள். கூடைக் கயிறு நெற்றியை வெட்டாமல் இருக்கத் துணியை எப்படி மடித்து வைக்கிறார், அந்த மடிப்பு அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது, அதில் அவர் என்ன மாற்றினார். மழை நாளில் ஒரு கட்டு, வெயில் நாளில் வேறு கட்டு என்று இருக்கக்கூடும். அதற்குப் பெயர் வடிவமைப்பு, நீங்கள் பேராதனையில் அதைப் பற்றிக் கட்டுரை எழுதலாம். போனை நீட்டிப் பேட்டி எடுக்காதீர்கள், அம்மா வெட்கப்பட்டு ஒன்றும் பேசமாட்டார். கூட உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே கேளுங்கள். கை ஓடும்போது வாய் தானாகத் திறக்கும். அப்புறம் அறைக்குப் போய் எழுதிக்கொள்ளுங்கள், அம்மாவின் பெயரைப் போட்டு எழுதுங்கள்.

இன்னொன்று. அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமையில் அவருடைய கைக்கென்று ஒரு நேரம் கிடைத்தால் என்ன செய்வார் என்றும் கேட்டுப் பாருங்கள். வாசலில் ரோசாப்பூச் செடியா, பின்னலா, கோலமா. அதற்கு அவருக்கு நேரம் கிடைக்கும்படி அடுப்பங்கரையை நீங்களும் தம்பியும் எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?

கேள்வி: விறகு கொத்தும்போதும் மரக்கறிப் பாத்திக்குத் தண்ணீர் விடும்போதும் எனக்குக் கவிதை வரிகள் நன்றாக வரும். உள்ளே வந்து கொப்பியை எடுப்பதற்குள் மறந்துவிடுகிறது. போனில் பதிந்து வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், பதுளை

பதில்: போன் வேண்டாம் என்பேன். பதிவதற்கென்று எடுப்பீர்கள், மேலே மூன்று செய்தி வந்து கிடக்கும், அதில் ஒன்றைப் பார்ப்பீர்கள், வரி போயே போய்விடும். பிஸ்கட் பெட்டி அட்டையில் ஒரு துண்டும் ஒரு குட்டைப் பென்சிலும் சட்டைப் பையில் இருக்கட்டும், ஈரக் கையிலும் பென்சில் எழுதும்.

ஆனால் அதற்கும் முன்னால் இன்னொரு வழி இருக்கிறது. வரியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கொத்துங்கள். கோடரி விழுகிற தாளத்துக்கு அது பொருந்துகிறதா என்று பாருங்கள், பொருந்தாத சொல்லை மாற்றுங்கள். நாலு கட்டை பிளக்கும் வரை வாயில் நிற்கிற வரி வீட்டுக்குள் வரும் வரையும் நிற்கும். தப்படித்துப் பாடுகிறவர்கள் எவ்வளவு நீளப் பாட்டைக் கொப்பி இல்லாமல் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள், தாளம்தான் அவர்களுடைய கொப்பி. கையும் காலும் கவனம் கேட்கிற வேலை என்பதால் கோடரி விஷயத்தில் மட்டும், வரி பலமாக வரும்போது கோடரியைக் கீழே வைத்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை, காசும் இல்லை. எதிலிருந்து தொடங்குவது என்று ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.
– வாசகர், இராகலை

பதில்: வீட்டில் ஓடாமல் கிடக்கிற ஒன்றைத் தேடுங்கள். பழைய ரேடியோ, டோர்ச், மணிக்கூடு, தண்ணீர் ஒழுகுகிற டெப். கரண்டில் ஓடுகிற சாமான் என்றால் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும், டிவி, மைக்ரோவேவ் மாதிரியானவற்றைத் திறக்கவே வேண்டாம், கழற்றிய பிறகும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும். ஒரு தட்டில் துணி விரித்து, கழற்றுகிற ஆணியைக் கழற்றின வரிசையிலேயே வையுங்கள், திருப்பிப் பூட்டும்போது அந்த வரிசைதான் வழி காட்டும். திருத்த முடிந்தால் நல்லது, முடியாவிட்டாலும் உள்ளே என்ன இருந்தது என்று ஒரு கடதாசியில் வரைந்து எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.